எலுமிச்சம் பழமும் இன்ஷூரன்ஸும்

புதிதாக மோட்டார் கார் ஓட்டக் கற்றுக் கொண்டு லைசென்ஸ் வாங்கிய தோழர்கள் சிலர் நம்மிடம் வந்து, "கார் இன்ஷூரன்ஸ் என்று ஆயிரக்கணக்கில் கேட்கின்றார்களே, இதைக் குறைந்த செலவில் முடிக்க வழி உண்டா?" என்று கேட்ட வண்ணம் இருக்கின்றார்கள். நாமும் 43-வது வயதில்தான் லைசென்ஸ் வாங்கினோம். இந்த விஷயத்தில் ஒரு தடவை ஏமாந்தும், அடுத்த தடவை ஏமாறாமல் தப்பியும் வந்தவரானதால், நமக்குத் தெரிந்தவற்றை எழுதலாம் என்று கருதுகின்றோம். நாம் சட்டம் படித்தவரல்ல. பாலிசிக் காகிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்து, விளங்காததை நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதுதான் நமக்கு இதிலுள்ள யோக்கியதை.

முதலில் நம் கண்ணெதிரில் நடந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். நமக்கு வேண்டிய ஒரு மளிகைக் கடைக்காரர், நம்மோடு அதே மாதத்தில் லைசென்ஸ் பெற்றவர், புதுக் கார் ஒன்று வாங்கினார். காரை எடுப்பதற்கு வெள்ளிக்கிழமை என்று நாள் பார்த்தார். அன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரை இராகு காலம் என்று கடை வாசலிலேயே காத்திருந்தார். பிறகு கோவில் முன் கொண்டு போய் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம் பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மாலை கட்டி, மந்திரம் சொன்னவருக்குத் தட்சணையும் கொடுத்தார். நம்பரைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்பதற்காகச் சர்க்காருக்குத் தனிக் கட்டணம் வேறு கட்டினார். ஆக எல்லாம் சேர்ந்து பதினாயிரத்துக்கு மேல் ஆயிற்று. இதே மனிதர், இன்ஷூரன்ஸ் எழுதும்போது, "பம்பர் டு பம்பர் பாலிசியாக எடுத்துக் கொள்ளுங்கள், இன்னும் மூவாயிரம் சொச்சம்தான் ஆகும்" என்று சொன்னதற்கு, "அது வீண் தண்டம், நான் என்ன இடிக்கவா போகின்றேன்?" என்று தள்ளி விட்டார்.

இருபத்திரண்டாவது நாள் தம் வீட்டு வாசல் தூணிலேயே இடித்தார். முன் பம்பரும் விளக்கும் போயின. இரண்டும் பிளாஸ்டிக் சாமான். சாமான் விலை மட்டும் 16 ஆயிரம். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் சாமான்களுக்கும், டயர், பாட்டரிக்கும் தேய்மானம் என்று சொல்லிப் பாதி விலையைப் பிடித்துக் கொள்வார்கள். கார் வாங்கி ஒரு நாள் ஆனாலும் பாதிதான். பாக்கி 8 ஆயிரத்தில், 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்குக் கட்டாயமாகக் கழிக்கும் ஆயிரமும் போக, கைக்கு வந்தது 7 ஆயிரம். நம் நண்பர் கம்பெனியைப் பிடித்து ஒரு வாரம் திட்டினார். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் உள்ளபடி 7 ஆயிரம் கொடுத்தவனைத் திட்டுகின்றீரே, ஒரு காசும் கொடுக்காத நாலு எலுமிச்சம் பழத்தை ஏன் திட்டவில்லை என்று கேட்டோம். "அது நம்பிக்கை" என்றார். அப்படியானால் இன்ஷூரன்ஸ் என்ன என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

(பூசணிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ரோட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காருக்குத் திருஷ்டி கழிக்க உடைத்த பூசணிக்காயில் ஸ்கூட்டர்காரன் வழுக்கி விழுகின்றான். பணக்காரன் திருஷ்டி ஏழையின் முழங்காலுக்குப் போவதுதான் இதில் கண்ட பலன்.)

போகட்டும், அவர் இடித்தது தூணைத்தான். ஆளை இடித்தவர் ஒருவரை நாம் அறிவோம். கைத்தறி நெய்து பிழைப்பவர். தாயாரை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கொண்டு போக வேண்டியிருந்ததால், லைசென்ஸ் வாங்கின கையோடு, 90 ஆயிரத்துக்கு ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். விற்றவர் கொடுத்த காகிதங்களில் இன்ஷூரன்ஸ் காகிதமும் இருந்தது. அது இரண்டு மாதத்துக்கு முன்பே காலாவதியானது என்பதை விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் பார்க்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவர் மீது மோதி, அவர் இறந்து போனார். மனைவி, இரண்டு பிள்ளைகள். கோர்ட்டில் நஷ்ட ஈடு தீர்ப்பாயிற்று. கொடுக்க வேண்டிய கம்பெனி இல்லை. கார் சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும். அவர் வீட்டு மனையை விற்றார், தறியை விற்றார். அப்படியும் அந்தப் பால்காரர் குடும்பத்துக்கு முழுத் தொகையும் போய்ச் சேரவில்லை. இரண்டு குடும்பமும் கெட்டன. அவர் வைத்திருந்தது 1000 சி.சி.க்கு உட்பட்ட கார். அதற்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், 2022 ஜூன் 1 முதல் சர்க்கார் வைத்த விகிதப்படி, வருஷத்துக்கு 2,094 ரூபாய். 100-க்கு 18 வீதம் வரி சேர்த்தால் 2,471 ரூபாய். இந்தத் தொகை இல்லாததால் அல்ல, இப்படி ஒன்று இருக்கின்றது என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லாததால் வந்த கேடு இது.

நம் மக்களில் பெரும்பாலோர் இன்ஷூரன்ஸ் என்பது போலீஸ்காரரிடம் காட்டுவதற்கான காகிதம் என்றே எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். இது தவறு. இங்கிலாந்தில் 1930-லேயே இதைச் சட்டமாக்கினார்கள். இந்நாட்டில் 1939-ஆம் வருஷத்து மோட்டார் சட்டத்தில் எழுதி, 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கினார்கள். இப்போதுள்ள 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 146-வது பிரிவும் அதையே சொல்லுகின்றது. காரணம் என்ன? கார் வைத்திருப்பவன் இடித்து விட்டு, "என்னிடம் பணமில்லை" என்று கையை விரித்தால், இடிபட்டவன் கதி என்ன என்பதுதான். ஆகவே இந்த மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கார்க்காரனுக்காக ஏற்பட்டதே அல்ல. ரோட்டில் நடந்து போகின்றவனுக்காகவும், சைக்கிளில் போகின்றவனுக்காகவும் ஏற்பட்டது. மரணத்துக்கும் காயத்துக்கும் இவ்வளவுதான் என்ற வரம்பு இதில் இல்லை; கோர்ட் தீர்ப்பதைக் கம்பெனி கொடுக்க வேண்டும். பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் என்று வரம்பு உண்டு. இதில்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறு தடவை அபராதம் 4,000. அபராதத்துக்குப் பயந்து எடுத்தாலும் சரி, அறிவால் உணர்ந்து எடுத்தாலும் சரி, எடுத்தாக வேண்டும்.

இனி, மலிவான வழி எது என்ற கேள்விக்கு வருவோம்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் மலிவு என்று ஒன்று கிடையாது. அதன் விகிதத்தைச் சர்க்காரே நிர்ணயிக்கின்றது. எல்லாக் கம்பெனியிலும் ஒரே விலை. 1000 சி.சி.க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி என்பது மேலே சொன்ன 2022-ஆம் வருஷத்து விகிதம். "எங்கள் கம்பெனியில் இதைப் பாதிக்குத் தருகின்றோம்" என்று யாராவது சொன்னால், கொடுப்பது போலிக் காகிதம் என்று தெரிந்து கொள்ளலாம். அன்றியும், சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்தே இதைக் கட்ட வேண்டும். புதுக் கார் பில்லைப் பார்த்துப் பலர் மலைப்பதற்கு இது ஒரு காரணம். மூன்று வருஷப் பணம் முன்கூட்டியே போகின்றதே தவிர, கொள்ளை அல்ல.

கொள்ளை நடக்கும் இடம் வேறு. அது சொந்தச் சேதத்துக்கான பகுதி. 2007 ஜனவரி 1 முதல் இதற்கு நிர்ணய விலை எடுபட்டுப் போய், கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டாயிற்று. நாம் கார் வாங்கின இடத்தில், கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, "இன்ஷூரன்ஸ் எங்களிடமே எடுக்க வேண்டும், வெளியே எடுத்தால் ரிப்பேருக்கு எங்கள் பட்டறையில் பணம் கட்டாமல் வண்டி வராது" என்று சொன்னார்கள். நாமும் வாயை மூடிக் கொண்டு கட்டினோம். வீட்டுக்கு வந்து, அதே கார், அதே மதிப்பு, அதே சேர்க்கைகள் என்று மூன்று கம்பெனிகளில் விசாரித்தால், ஏறக்குறைய 9 ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்திருக்கின்றோம் என்று தெரிந்தது. காரை விற்கும் கடைக்காரன், "இன்ஷூரன்ஸையும் என்னிடமே வாங்கு" என்று நிர்ப்பந்திக்க உரிமை இல்லை என்பதை அப்போது நாம் அறியோம். பட்டறைக் கதையும் முழுப் பொய். கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள பட்டறையானால் பணம் கட்டாமல் வேலை நடக்கும். ஒப்பந்தமில்லாத பட்டறையானால் நாம் கட்டி விட்டுப் பில்லைக் கொடுத்து வாங்கிக் கொள்ளலாம். ஊர் ஊராய்ப் போய், "எதையும் கேட்டுப் பார், ஏன் என்று கேள்" என்று மேடையில் பேசுகின்ற நாமே, டை கட்டிய ஒரு பையன் இங்கிலீஷில் பேசினவுடன் கேட்காமல் கையெழுத்துப் போட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக் கொள்ளுகின்றோம்.

மற்றொன்று. "நான் புதிதாக லைசென்ஸ் வாங்கியவன், ஆகையால் எனக்கு அதிகம் போடுவார்களோ?" என்று சிலர் பயப்படுகின்றார்கள். இந்த ஏஜெண்டுகளும் அந்தப் பயத்தை வளர்க்கின்றார்கள். மூன்றாம் நபர் விகிதத்தில் ஓட்டுகின்றவன் வயதுக்கோ அனுபவத்துக்கோ இடமே இல்லை. என்ஜின் அளவு ஒன்றுதான். சொந்தச் சேதப் பகுதியிலும் முக்கியமாகப் பார்ப்பது காரின் மாதிரி, வயது, மதிப்பு, எங்கே பதிவானது, முன்பு நஷ்டம் கேட்டதுண்டா என்பவற்றைத்தான். சென்னை போன்ற பெரிய பட்டணங்களில் பதிவான காருக்கு மற்ற ஊர்க் காரைவிடச் சற்று அதிகம் வருவது பழைய வழக்கம். சில கம்பெனிகள் சொந்தக்காரரின் வயதையும் தொழிலையும் கூடக் கணக்கில் எடுத்துக் கொள்ளலாம். அதனால்தான் பல இடத்தில் விசாரிக்கச் சொல்லுகின்றோம்.

இங்கிலாந்தில்தான் இந்தப் பயம் நியாயமானது. அங்கே இன்ஷூரன்ஸ் காரைப் பொறுத்ததைவிட ஓட்டுகின்றவனைப் பொறுத்தது. பரீட்சை தேறி வந்த 18 வயதுப் பையனுக்குக் கேட்கும் பிரீமியம், சில சமயம் அவன் வாங்குகின்ற பழைய காரின் விலையையே தாண்டி விடும். ஆகவே காரில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்து, அவன் எப்படிப் பிரேக் போடுகின்றான், எவ்வளவு வேகம் போகின்றான், எந்நேரம் ஓட்டுகின்றான் என்று பார்த்து விலை வைக்கின்றார்கள். அனுபவமுள்ள தாய் தகப்பனை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்தால் சில கம்பெனிகளில் குறையும். ஆனால் பையன் ஓட்டுகின்ற காருக்குத் தகப்பனையே முதல் ஓட்டுநர் என்று பொய் எழுதினால் அது மோசடி. சமயத்தில் பாலிசியே செல்லாமல் போகும். அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆண் பெண் என்று பார்த்து விலை வைப்பது ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பினால் 2012 டிசம்பர் 21 முதல் நிறுத்தப்பட்டு விட்டது. இந்நாட்டிலும் கொஞ்சமாக ஓட்டுகின்றவனுக்குக் குறைவாகவும், ஒழுங்காக ஓட்டுகின்றவனுக்குக் குறைவாகவும் விலை வைக்க 2022 ஜூலையில் அனுமதி கொடுத்திருக்கின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கார் எடுப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

நிற்க, செலவைக் குறைக்க நாம் கண்ட வழிகளைச் சொல்லுகின்றோம். நஷ்டம் கேட்காமல் ஒரு வருஷம் ஓட்டினால் மறு வருஷம் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 100-க்கு 20 குறையும். பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது வருஷம் 50 ஆகும். ஒரு தடவை நஷ்டம் கேட்டால் எல்லாம் போய் மறுபடியும் அடியிலிருந்து ஏற வேண்டும். புதிதாக ஓட்டுகின்றவர்கள் சுவரில் உரசுவதும், கேட்டில் கீறுவதும் சகஜம். நாமே மூன்று மாதத்தில் நாலு கீறல் போட்டோம். இரண்டாயிரம் ரூபாய்க் கீறலுக்குக் கம்பெனிக்கு ஓடினால், ஆயிரம் கழித்து ஆயிரம் வரும். 10 ஆயிரம் பிரீமியம் கட்டுகின்றவனுக்கு மறு வருஷம் வரவேண்டிய இரண்டாயிரம் போய் விடும். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல், "பணம் கட்டினோமே, திரும்ப வாங்க வேண்டாமா?" என்று ஓடுகின்றவர்கள் அநேகர். கீறலைக் கைக்காசில் சரிசெய்து கொண்டு, பெரிய அடிக்குக் கம்பெனியை வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம். "முதல் இவ்வளவு ரூபாய் நானே ஏற்றுக் கொள்ளுகின்றேன்" என்று விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்தாலும் பிரீமியம் குறையும். ஆனால் முதல் வருஷத்தில் நம் போன்ற புது ஆட்களுக்கு அதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். பம்பர் டு பம்பரை முதல் இரண்டு வருஷத்துக்கு விடக் கூடாது என்பதும் நம் அபிப்பிராயம். காரணம் மளிகைக் கடைக்காரர் தூண்.

காரின் மதிப்பைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தைக் குறைப்பது மட்டும் கூடாது. ஆறு லட்சம் பெறும் காரை நாலரை என்று எழுதினால், திருட்டுப் போனால் நாலரைதான் வரும். மாறாக, பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பழைய கார், லட்சம் ரூபாய் கூடப் பெறாது என்றால், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்துக் கொண்டு சொந்தச் சேதத்தை விட்டு விடலாம், அதில் தவறில்லை. சொந்தக்காரர் ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் கொடுக்கும் விபத்து இன்ஷூரன்ஸையும் சேர்த்தே எழுதுவார்கள். அதே அளவுக்கு வேறு இடத்தில் விபத்துப் பாலிசி வைத்திருப்பவர்கள் அதைச் சொன்னால், மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. ஏஜெண்டு தானாகச் சொல்ல மாட்டார்.

இவ்வளவு செய்தும், ஓட்டுகின்றவனுக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாவிட்டாலும், குடித்து விட்டு ஓட்டினாலும், சொந்தக் காரை வாடகைக்கு விட்டாலும் நம் காருக்கு ஒரு காசும் வராது. லைசென்ஸ் இல்லாத மைத்துனன் கையில் சாவியைக் கொடுத்து அவன் ஆளை இடித்தால், கம்பெனி இடிபட்டவருக்குக் கொடுத்து விட்டு, அந்தப் பணத்தை நம்மிடமே வசூலிக்கும்படி கோர்ட் சொல்லலாம். பழகுநர் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டினால், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், எல் பலகையும் இருக்க வேண்டும்.

கெடு தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் உபாத்தியாயர் பாலிசி முடிகின்ற அன்று அஷ்டமி, மறுநாள் நவமி, தசமியன்று புதுப்பிப்போம் என்று இருந்தார். நவமி இரவு காற்றில் முருங்கை மரம் கார் மேல் விழுந்தது. கம்பெனியின் கணக்குக்கு நள்ளிரவுதான் தெரியும். அஷ்டமியும் தெரியாது, நவமியும் தெரியாது. சேதம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. அதன் பிறகு காரை வந்து பார்வையிட்ட பின்தான் மறுபடி எழுதினார்கள். இவரைப் போல் இரண்டு நாள் அல்ல, 90 நாள் தாண்டி விட்டால், வருஷக்கணக்காகச் சேர்ந்த தள்ளுபடியும் அடியோடு போகும்.

கடைசியாக, பழைய கார் வாங்குகின்றவர்களுக்கு. மூன்றாம் நபர் பகுதி காரோடு கூடவே வாங்கியவருக்கு வந்து விடும். சொந்தச் சேதப் பகுதியைப் பெயர் மாற்றம் செய்ய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். விற்றவருடைய தள்ளுபடி அவரோடு போய் விடும். அது மனிதனுக்கு உரியது, காருக்கு அல்ல. நமது தோழர் ஒருவர், மேளம் வாசிப்பவர், வாங்கிய பழைய காரைக் காட்டுவதற்கு நேற்று மாலை நம் வீட்டுக்கு வந்தார். முன் கண்ணாடியில் எலுமிச்சம் பழமும் மிளகாயும் தொங்கிற்று, விற்றவர் கட்டியதாம். காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். பாலிசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது, பெயர் பழைய சொந்தக்காரர் பெயர். கார் கைமாறி ஒன்பது நாள் ஆயிற்று. இன்று காலை பத்து மணிக்குக் கம்பெனி ஆபீசுக்கு அவரோடு நாமும் போகின்றோம்.